நான்காம் வகுப்பில் வைக்கப்பட்டவர்கள்

அஸர் தொழுகை முடிந்து மாலைப் பாடம் தொடங்குவதற்கு முன்னர் ஒரு சிறு பொழுது உண்டு. பண்ருட்டியில் நாம் ஓதிக் கொடுக்கும் மாணவர்கள் அப்பொழுதைக் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கி வைத்திருக்கின்றனர். ஆட இடம் கிடைத்தால் ஆடுவர். கிடைக்காத நாளில் வாதாடுவர். அண்மையில் ஒரு நாள் வாதம் முற்றிவிட்டது. சென்னையின் ரவிச்சந்திரன் அஷ்வின் பெரியவரா, கண்டியின் முத்தையா முரளிதரன் பெரியவரா என்பதே வழக்கு. ஒரு மாணவர் கைப்பேசியைப் பார்த்து, "முரளி 133 டெஸ்டில் 800 விக்கெட், அஷ்வின் 106 டெஸ்டில் 537, கணக்கு முடிந்தது" என்றார். மற்றொருவர், "அஷ்வின் ஆறு சதம் அடித்தவர், முரளி ஒன்றேனும் அடித்தாரா?" என்று மடக்கினார். முடிவில், "ஹஜ்ரத், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று நம்மிடமே வந்துவிட்டனர்.

தீர்ப்புச் சொல்வது எளிதன்று. ஏனெனில் இவ்வழக்கு நாம் சிறுவராயிருந்த போதே ஒருமுறை நம் காதில் விழுந்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவு அணியை எதிர்த்துச் சுனில் கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236 ஓட்டங்கள் எடுத்தார். அது அவருடைய முப்பதாவது டெஸ்ட் சதம். ஆஸ்திரேலியாவின் பிராட்மன் எடுத்திருந்த 29 சதங்கள் அன்று பின்தள்ளப்பட்டன. கடைத்தெருவில் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தனர். அப்போது முந்திரி வணிகம் செய்து வந்த முதியவர் ஒருவர், "பிராட்மன் 52 ஆட்டத்தில் எடுத்ததை இவர் 99 ஆட்டத்தில் எடுத்திருக்கிறார். இதில் யார் பெரியவர்?" என்று கேட்டுவிட்டுத் தம் வழியே போய்விட்டார். ஆரவாரம் அடங்கிவிட்டது. ஆனால் அப்பெரியவரும் முழு உண்மையைச் சொல்லிவிடவில்லை. அன்று இந்திய அணி ஓர் ஓட்டமும் எடுக்குமுன்னரே இரு விக்கெட்டுகளை மால்கம் மார்ஷலிடம் பறிகொடுத்திருந்த நிலையில்தான் கவாஸ்கர் களம் புகுந்தார் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

(வானொலி என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கிரிக்கெட்டை நல்ல தமிழில், அழகிய உச்சரிப்பில் நம் வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் ஒருவர் மர்ஹூம் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்கள். 2020 டிசம்பரில் காலமானார்கள். பந்து எங்கே விழுந்தது, மட்டை எப்படித் திரும்பியது என்பதை ஆங்கிலம் அறியாத நம் தாய்மார்களும் புரிந்துகொண்டது அன்னார் போன்றோரால்தான்.)

மாணவர்களிடம் நாம் உடனே விடை கூறவில்லை. அவர்கள் ஓதும் கல்வியிலிருந்தே ஓர் அளவுகோலை எடுத்துக் காட்டலாம் என்று தோன்றியது. அரபு இலக்கியம் ஓதியவர்கட்கு இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ என்னும் பெயர் புதிதன்று. பஸராவைச் சேர்ந்த இவ்வறிஞர் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்து மறைந்தவர். 'தபகாத்து ஃபுஹூலிஷ் ஷுஅரா' என்னும் இவரது நூல் கவிஞர்களைத் தரம் பிரித்து வகுப்பு வகுப்பாக வைக்கும் நூலாகும். ஃபஹ்ல் என்றால் பொலிகுதிரை. மந்தையில் தனித்து நிற்கும் வல்லமையுடையது என்று கொள்க. இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்துக் கவிஞர்களைப் பத்து வகுப்புகளாகவும், வகுப்புக்கு நால்வராகவும் அவர் அமைத்தார். முதல் வகுப்பில் இம்ருஉல் கைஸ், நாபிகா, ஸுஹைர், அஃஷா ஆகிய நால்வர். ஆனால் நம் கருத்தை ஈர்ப்பது அவருடைய நான்காம் வகுப்பே. அதில் தரஃபா, அபீத், அல்கமா, அதீ என்னும் நால்வரை வைத்துவிட்டு ஒரு குறிப்பும் எழுதுகின்றார். இவர்கள் தகுதியால் முன்னணியில் இருக்க வேண்டியவர்களே. மக்கள் கையில் எஞ்சிய இவர்தம் கவிதைகள் மிகக் குறைவாயிருந்தமையால்தான் பின்னே வைக்க நேர்ந்தது என்பது அக்குறிப்பின் கருத்து. தரஃபா இளமையிலேயே கொல்லப்பட்டவர். அவருடைய முஅல்லகாவை இன்றும் ஓதுகின்றோம்.

இப்னு ஸல்லாமின் நேர்மையை ஈண்டு நோக்க வேண்டும். அளவு ஒரு சான்று என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அளவு குறைந்ததற்குக் காரணம் கவிஞரின் குறையா, காலத்தின் குறையா என்று கேட்டு, காலத்தின் குறை என்றால் அதைப் பதிவு செய்துவிட்டு நகர்ந்தார். கிரிக்கெட்டின் எண் பட்டியல்கள் அவ்வாறு செய்வதில்லை.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். பண்ருட்டியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் மதுராந்தகம் பக்கத்தில் மொறப்பாக்கம் என்றோர் ஊர் உண்டு. 1909-இல் அவ்வூரில் பிறந்தவர் எம். ஜே. கோபாலன். திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். உயரமும் உரமும் வாய்ந்த வேகப் பந்து வீச்சாளர், மட்டையும் பிடிப்பார். சென்னையில் இருந்த ஆங்கிலேயரான சி. பி. ஜான்ஸ்டன் இவருடைய திறமையைக் கண்டு முன்னுக்குக் கொண்டுவந்தார். அந்நாளில் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் மாகாணப் போட்டி நடைபெறும். ஆள்வோரும் ஆளப்படுவோரும் சமமாக நின்று மோதக்கூடிய இடங்கள் அன்று மிகச் சில. அவற்றுள் அம்மைதானமும் ஒன்று. அதில்தான் கோபாலனின் பெயர் பரவிற்று.

1934 நவம்பர் 4-ஆம் நாள் ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கியது. இப்போட்டியின் நீண்ட வரலாற்றில் முதற்பந்தை வீசிய கை கோபாலனுடையது. அன்று மைசூர் 48, 59 என இருமுறையும் சுருண்டது; சென்னை 130 எடுத்து இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டன! 35 ஓட்டங்களுக்குப் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தவர் ஏ. ஜி. ராம்சிங். பஞ்சாபியக் குடும்பத்தவராயினும் சென்னைக்கே தம்மை ஒப்புவித்த இவ்வீரருக்கு ஒரு டெஸ்ட் ஆடும் வாய்ப்பும் இறுதிவரை கிட்டவில்லை. அவர் மக்களுள் கிருபால் சிங், மில்கா சிங் ஆகிய இருவர் இந்திய அணியில் ஆடினர். கிருபால் சிங் 1955-இல் ஹைதராபாத்தில் தம் முதல் டெஸ்டிலேயே சதமும் அடித்தார். தந்தைக்கு மறுக்கப்பட்டது மைந்தருக்குக் கிட்டியது என்று ஆறுதல் கொள்வாருண்டு. நமக்கு அந்த ஆறுதல் போதவில்லை.

கோபாலனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு டெஸ்ட். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார். 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட். அடுத்த மாதமே சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் நடந்தபோது, சொந்த ஊர் மைதானத்தில், அவர் அணியில் இல்லை.

அவர் ஹாக்கியிலும் வல்லவர். 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்று வெற்றி மேல் வெற்றி குவித்த இந்திய ஹாக்கி அணியில் அவரும் ஒருவர். மறு ஆண்டு வந்தது சோதனை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஒரு புறம். இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் அணி மறு புறம். இரண்டும் ஒரே பருவத்தில். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். விஜயநகரம் மகாராஜகுமார் தலைமை தாங்கிய அப்பயணம் பூசலுக்குப் பேர் போனது. லாலா அமர்நாத் நடுவழியிலேயே தாயகம் அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளுள் ஒன்றிலும் கோபாலனுக்கு இடமில்லை. அதே ஆகஸ்ட் 15-இல் பெர்லினில் ஜெர்மனியை 8-1 என வென்று தியான் சந்தின் அணி தங்கப் பதக்கம் பெற்றது.

இத்தனைக்குப் பின்னரும் அவர் மைதானத்தை விட்டு விலகவில்லை. சென்னைக்காக நெடுநாள் ஆடினார். இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். 1950-களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய ஆட்டத்திற்கு அவர் பெயரால் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டனர். டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கைக்கு அவ்வாட்டம் ஒரு பயிற்சிக்களமாயிற்று. 2003 டிசம்பரில் தம் 94-ஆம் வயதில் சென்னையில் அவர் காலமானார். அவருடைய முதல்தர ஆட்டங்களில் 194 விக்கெட்டுகளும் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த ஓட்டங்களும் உள. ஆனால் உலகப் பட்டியலைத் திறப்பவர் காண்பது ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட். அவ்வளவே.

கோபாலனைப் போன்றோர் ஒருவர் இருவர் அல்லர். மர்ஹூம் முஹம்மது நிஸார் 1910-இல் ஹோஷியார்பூரில் பிறந்தவர். 1932 ஜூன் 25-ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியது. இங்கிலாந்துக்காக முதலில் இறங்கியவர்கள் சட்கிளிஃபும் ஹோம்ஸும். பத்து நாள் முன்னர்தான் அவ்விருவரும் தம் யார்க்‌ஷயர் அணிக்காக ஒன்றாய் நின்று 555 ஓட்டங்கள் குவித்து உலகை வியக்க வைத்திருந்தனர். நிஸார் இருவரையும் நேராக ஸ்டம்பு சாய வீழ்த்தினார். ஒருவர் மூன்று, மற்றவர் ஆறு! அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்தது ஐந்து விக்கெட்டுகள். ஆட்டத்தில் இந்தியா தோற்றது உண்மையே. ஆயினும் அடிமை நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞன் ஆண்டவர்களின் கோட்டையிலேயே இதைச் செய்தான் என்பதைத் தோல்வி மறைக்காது. நிஸார் ஆடியவை ஆறு டெஸ்டுகள், விக்கெட்டுகள் 25. ஆறு மட்டுமே ஏன் எனின், 1930-கள் முழுமையிலும் இந்தியா ஆடியதே ஏழு டெஸ்டுகள்தாம். அப்புறம் போர் வந்தது. 1936-க்குப் பின் 1946 வரை ஒன்றுமில்லை. அதற்கடுத்த ஆண்டே நாடு இரண்டாயிற்று. அவர் லாகூரில் வாழ்ந்து 1963-இல் மறைந்தார். இரு நாடுகளின் உள்நாட்டுச் சாம்பியன்கள் மோதும் போட்டியொன்றுக்கு 2006-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதுவும் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

விஜய் மர்ச்சன்டைப் பாருங்கள். முதல்தர ஆட்டங்களில் அவர் சராசரி 71.64. பிராட்மனுக்கு அடுத்தபடி வைத்துப் பேசப்படும் எண் இது. டெஸ்டுகள் பத்தே பத்து. அவருடன் 1936-இல் மான்செஸ்டரில் இறங்கி முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்த சையித் முஷ்தாக் அலி, அயல்மண்ணில் டெஸ்ட் சதமடித்த முதல் இந்தியர். அவருக்கு வாய்த்தவை பதினொன்று.

பாக் நீரிணைக்கு அப்பால் நிலைமை இதனினும் கொடிது. மகாதேவன் சதாசிவம் என்னும் இலங்கைத் தமிழர் 1947-இல் நம் சேப்பாக்கத்திலேயே தென்னிந்திய அணியை எதிர்த்து 215 ஓட்டங்கள் எடுத்தார். நேரில் கண்டவர்கள் அதனை நெடுங்காலம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர். 1948 மார்ச்சில் இங்கிலாந்து நோக்கிச் சென்ற பிராட்மனின் அணி கொழும்பில் கப்பல் தங்கிய இடைவேளையில் ஒரு நாள் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவரும் சதாசிவமே. (அன்று ஆடுதளம் 22 கெஜத்திற்குப் பதில் இருபதே கெஜமாக அளக்கப்பட்டிருந்தது என்பது ஆட்டத்தின் நடுவேதான் தெரியவந்தது. வீரர்களின் ஒவ்வோர் ஓட்டத்தையும் எண்ணி வைப்பவர்கள் தரையை அளக்க மறந்துவிட்டனர்!) 1977-இல் சதாசிவம் காலமானார். இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது 1982 பிப்ரவரியில்.

இவற்றையெல்லாம் மாணவர்களிடம் விரித்துரைத்தபோது, கைப்பேசிக்காரர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "வாய்ப்புக் கிடைக்காதவர்களை எல்லாம் பெருவீரர் என்று சொல்லிவிட்டால், வாய்ப்புக் கிடைத்து உழைத்துச் சாதித்தவருக்கு அநீதியாகாதா?" ஆம், ஆகும். கிடைத்த கவிதையை வைத்துத்தான் கவிஞரை மதிப்பிட இயலும். எழுதியிருக்கக் கூடியதை வைத்தன்று. ஆகையால்தான் இப்னு ஸல்லாமும் தரஃபாவை முதல் வகுப்பில் ஏற்றிவிடவில்லை. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளிருக்கும் சுளையைச் சொல்லும் வணிகர் நம்மூரில் உண்டு. அவர்களும் காய்க்காத மரத்தின் பழத்துக்கு விலை சொல்வதில்லை. எனினும் எண்ணிக்கையை மட்டும் நம்புவதும் இயலாது. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸின் தீப்போன்ற பந்து வீச்சில் இந்தியா 190-க்கு ஆட்டமிழந்தபோது, குண்டப்பா விஸ்வநாத் ஒருவரே எடுத்தவை 97, இறுதிவரை ஆட்டமிழக்கவில்லை. துணை நிற்க ஆளின்றிப் போனதால் சதம் நிறைவேறவில்லை. அந்த ஆட்டத்தை இந்தியா 100 ஓட்டங்களில் வென்றது. சதப் பட்டியலில் இந்த 97-ஐத் தேடினால் கிடைக்காது. ஆனால் சேப்பாக்கத்து முதியவர்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வர்.

அதே விஸ்வநாத் 1980-இல் பம்பாயில் தலைமை ஏற்றிருந்தபோது, நடுவர் ஆட்டமிழந்தார் எனக் கைகாட்டிய இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்து ஆடச் சொன்னார். பந்து மட்டையில் படவில்லை என்று அவர் மனம் சொல்லிற்று. இங்கிலாந்து அப்போது 58-க்கு ஐந்து விக்கெட் இழந்து தவித்துக்கொண்டிருந்தது. டெய்லரும் பாத்தமும் அதன்பின் 171 ஓட்டங்கள் சேர்த்தனர், இந்தியா தோற்றது. இதனை ஏமாளித்தனம் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சாட்சி பொய் என்று அறிந்த பின் தீர்ப்பை ஏற்றுக்கொள்வது நீதியன்று என்பதை நம் பாடநூல்களே நமக்குக் கற்பிக்கின்றன.

முரளிதரனின் வழக்கிலும் சாட்சியமே பெரும்பங்கு வகித்தது. மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் முழங்கையைப் பிறவியிலேயே முழுதும் நீட்ட இயலாதவர். 1995 டிசம்பர் 26-இல் மெல்போர்னில் அரை இலட்சம் பேர் பார்த்திருக்க, பந்தை எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் ஏழுமுறை கைகாட்டினார். அவர் போயொழிந்தார் என்றே பலரும் எண்ணினர். அறிவியல் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தபோதோ, பிழையற்றவர் எனப்பட்ட வீச்சாளர்களின் கைகளும் சிறிது மடங்கி நிமிர்வது தெரிந்தது. 15 பாகை வரை எல்லார்க்கும் பொது என விதி திருத்தப்பட்டது. ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆராயும் ஜர்ஹ், தஃதீல் கலையில் ஒருவர்மீது குறை கூறப்பட்டால் அக்குறைக்குக் காரணமும் விளக்கப்பட வேண்டும் என்பர். முரளிதரன் ஒளிந்துகொள்ளாமல் கையில் கட்டுப் போட்டும் வீசிக் காட்டித் தம்மை ஆய்வுக்கு ஒப்புவித்தார். 1998-இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் பதினாறு விக்கெட்டுகள் எடுத்து இங்கிலாந்து மண்ணில் இலங்கைக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தார். 2010 ஜூலையில் காலியில், தாம் வீசிய கடைசிப் பந்திலேயே 800-ஆவது விக்கெட்டை எடுத்து விடைபெற்றார்.

எதிராளியின் பெருமையை ஒப்புக்கொள்ளும் கூட்டம் இல்லையேல் பெருவீரர் என்ற சொல்லுக்கே பொருளிராது. 1999 ஜனவரி 31-இல் சேப்பாக்கத்தில் நடந்ததை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். பாகிஸ்தானை வெல்ல 271 தேவை. முதுகு வலியோடு சச்சின் டெண்டுல்கர் 136 எடுத்து வெற்றியை வாயிலுக்குக் கொண்டுவந்துவிட்டு வீழ்ந்தார். பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி. சக்லைன் முஷ்தாக் இரு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்டுகள். அன்று பண்ருட்டியில் அக்கடையில் நின்ற நம்மவர் சிலருக்கு நெஞ்சு படபடத்தது. தோல்வியின் வருத்தம் நமக்கும் இருந்தது. அவ்வருத்தத்தை நிரூபித்துக் காட்ட வேண்டியவர்களாகவும் நாமே இருப்போமோ என்ற அச்சமும் இருந்தது. அரங்கமோ சில கணங்கள் உறைந்து போயிருந்தது. பின்னர் ஒருவர் பின் ஒருவராக எழுந்தனர். வசீம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கம் முழுதும் நின்று கைதட்டியது. கடையில் நம் அருகில் நின்ற, வேறு சமயத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், "நல்லா ஆடினாங்க பாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிரவு நாம் நன்றாக உறங்கினோம்.

மாணவர்கட்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பொழுது வந்தது. முரளிதரனை முதல் வகுப்பில் வைத்தோம். அஷ்வினை இரண்டாம் வகுப்பின் தலைமாட்டில் வைத்தோம். அவருடைய 537-இல் 383 தாய்மண்ணிலேயே எடுக்கப்பட்டவை என்பது ஒரு காரணம். முரளிதரனும் 493 விக்கெட்டுகளைச் சொந்த மண்ணில் எடுத்தவர்தாமே என்று அஷ்வின் கட்சியார் ஆர்ப்பரித்தனர். எஞ்சிய 307 எங்கே, எஞ்சிய 154 எங்கே என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவர்கள் ஒப்பவில்லை, அது அவர்கள் உரிமை. நிஸாரையும் மர்ச்சன்டையும் ராம்சிங்கையும் சதாசிவத்தையும் இப்னு ஸல்லாமின் நான்காம் வகுப்பில், அவருடைய குறிப்போடு சேர்த்து வைத்தோம். கோபாலனை அந்நால்வரோடு வைக்க நாம் துணியவில்லை. அவர் பந்து வீச்சு நிஸாரின் தரத்தது அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்காக நின்று, ஒன்றில் கைவிட்ட தங்கத்தைப் பற்றிப் புலம்பாமல் 94 வயது வரை மைதானத்தின் மனிதராகவே வாழ்ந்தவருக்கு எந்த வகுப்பு என்பதை இப்னு ஸல்லாம் நமக்குச் சொல்லித் தரவில்லை.

கைப்பேசிக்காரர் இவற்றையெல்லாம் தம் குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார். சதாசிவத்தின் பெயருக்கு நேரே, டெஸ்ட் என்ற கட்டத்தில், ஒரு சுழியம் இட்டார். அதனை அழித்துவிட்டு, 'ஆட்டம் தரப்படவில்லை' என்று எழுதுமாறு சொன்னோம். கட்டம் சிறிதாயிருந்ததால் இரண்டு வரியில் எழுத நேர்ந்தது.